வடக்கு மூலையில் இன்னா கீது?

கையில் ஃபாரம், கழுத்தில் அடையாள அட்டை, இந்த இரண்டோடும் ஓர் ஊருக்குள் நுழைகிறவரை நாய்கூட நம்பாது. மக்கள்தொகை, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். ஆனால் நீங்கள் கணக்கெடுத்தது மனுஷர்களை. நான் கணக்கெடுப்பது ஓணான், நத்தை, கோரைப்புல், கெண்டை மீன்.

பஞ்சாயத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றெல்லாம் எழுதிவைக்க ஒரு பதிவேடு உண்டு. அதை நிரப்பும் ஒப்பந்தப் பணியாளர் நான். தாவரவியல் படித்துவிட்டு, மணவாள நகரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா "ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

பக்கத்து வீட்டு மயில்

புதுப் பஞ்சாயத்து, முதல் நாள், முதல் வீடு. ஏழெட்டு ஏக்கரில் நெல் போடுகிறவர். வரப்பில் என்னென்ன பூச்சி, பறவை வரும் என்று கேட்டேன். "ஒண்ணும் வராதுங்க" என்றார். நண்டு? இல்லை. கொக்கு? இல்லை. நெல் வயலில் கொக்கே வராதா என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவரோ என் ஃபாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவை ஃபாரத்தோடு வந்தவர்கள் கம்பெனிக்கு நிலம் எடுக்க வந்தவர்களாம். அதனால் கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிடுவது என வீட்டோடு முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டு மாடிச் சுவரில் ஒரு மயில் வந்து உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி அகவியது. நான் மயிலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இப்போது என்ன சொல்வார் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மனுஷர் அசரவே இல்லை.

"அது பக்கத்து ஊட்டு மயிலும்மா, இங்க சும்மா வந்துகினு போய்க்கினு கீது."

பதினெட்டு வகை மீன்

அதே ஊர் டீக்கடையில் எனக்கு ராஜ மரியாதை. ஏரியில் என்ன மீன் என்று கேட்டதுதான் தாமதம், பெஞ்சில் இருந்த நாலு பேரும் போட்டி போட்டுச் சொன்னார்கள். விரால், குறவை, உளுவை, அயிரை, கெளுத்தி, ஆரால் என்று பதினெட்டு வகை. ஒவ்வொன்றுக்கும் குழம்பு எப்படி வைப்பது என்பதுவரை சொல்லிவிட்டார்கள். எழுதி எழுதிக் கை வலித்தாலும் எனக்கு ஒரே சந்தோஷம். இப்படியொரு ஏரியா!

மறுநாள் வலை போடுகிறவரோடு கரையில் நின்றேன். வலையில் வந்தது எல்லாமே ஜிலேபி. எப்போதோ யாரோ வளர்க்கக் கொண்டுவந்து விட்ட மீன், பெருகிப்போய் மற்ற மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்று ஏரியைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. கம்பெனிப் பக்கத்துக் கால்வாயிலிருந்து நுரை வந்தால்கூட அது சாகாதாம். கொதித்துப்போய் டீக்கடைக்கு ஓடினேன். பதினெட்டும் அவர்கள் கடைசியாகத் தின்று பல வருஷம் ஆன மீன்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"ஏரில இன்னா மீனுன்னு கேட்ட, சொன்னோம், இப்ப கீதான்னு நீ கேக்கவே இல்லியே கண்ணு."

சரியான அட்ரஸ்

இது என் தப்பு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இதற்கு முந்தின பஞ்சாயத்தில் ஓர் ஓடைக்கரை முழுக்க நன்னாரிக் கொடி. ஊர்ப் பெண்கள் தேவைக்கு ரெண்டு வேர் எடுத்துக்கொண்டு, மிச்ச வேரை மண் தள்ளி மூடிவிட்டு வருவார்கள். படித்த படிப்பு சும்மா இருக்குமா? எந்தக் கல்வெர்ட்டிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று துல்லியமாக எழுதினேன். ஊரார் சரிபார்க்கட்டும் என்று நகலை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினேன்.

அடுத்த முறை போனபோது ஓடைக்கரை உழுத நிலம்போல் கிடந்தது. ஒரு வேன், நாலு கடப்பாரை, ஒரே பகல். கடைசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் என் அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். கிண்டலே இல்லை. உண்மையான நன்றி.

"நீங்கதானா மேடம் எழுதினது? அட்ரஸ் ரொம்பக் கரெக்டா கீது, எங்கியும் அலையவே இல்ல."

காலிக் கட்டம்

மறுபடி ஏரிக்கு வருகிறேன். அதன் வடக்கு மூலையில் கோரை மண்டிக் கிடக்கும். அந்த மூலையில் சவுடு மண் அள்ளி, புதுக் கம்பெனி கட்டும் மனையை நிரப்ப ஒரு கான்ட்ராக்டர் மனு கொடுத்திருந்தார். திங்கட்கிழமை பஞ்சாயத்துக் கூட்டத்தில் என் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு. என் பதிவேட்டிலோ வடக்கு மூலைக்கு எதிரே கட்டம் காலி. கோரைக்குள் வலை போகாது, எனக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் என்று மேற்பார்வையாளரிடம் கெஞ்சினேன். கெட்டவர் இல்லை, முப்பது பஞ்சாயத்து அவர் தலையில். ஃபைலைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"கட்டம் காலியா இருந்தா அங்க ஒண்ணும் இல்லன்னுதாம்மா அர்த்தம்."

எஸ்தர் அக்கா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரையில் நின்றுகொண்டிருந்தேன். கோரைக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண், கழுத்தில் சேலைப் பை, இரண்டு கையும் தண்ணீருக்குள். எஸ்தர் அக்கா. இரும்புத் தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். ஞாயிறு சர்ச்சுக்குப் போய்வந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே மீன் பிடிப்பார். பையில் இரண்டு விரால் துள்ளின. டீக்கடை சத்தியம் செய்த அதே விரால்!

இறங்கு என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கோரைக்கு நடுவில் தண்ணீர்மேல் செக்கச்செவேல் என்று ஒரு தட்டு அகலத்துக்கு என்னவோ நகர்ந்தது. நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சு! அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்த நேரம் தாயைப் பிடிப்பது ரொம்பச் சுலபம், குஞ்சை விட்டுப் போகாது. ஆனால் எஸ்தர் அக்கா வீட்டில் யாரும் குஞ்சு தெரிகிற இடத்தில் கை வைப்பதில்லை. "தாய இஸ்துகினு போய்ட்டா, குஞ்சு பூரா ஜிலேபிக்கு நாஷ்டா" என்றார். எந்தப் புத்தகத்தில் நான் இதைப் படித்தேன்?

ஃபாரத்தை எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுதினால் பேட்டரியும் ஒயருமாக வந்து கரண்ட் வைத்துப் பிடிப்பார்கள். எழுதாவிட்டால் நாளை மறுநாள் பொக்லைன் வரும். நன்னாரிக் கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"நாளைக்கு அரை நாள் லீவு போட்டு நானே வர்றேன், அதுவரைக்கும் உன் பேனாவ மூடி வெச்சிக்கோ."

ஏரி பூரா

கூட்டத்தில் கான்ட்ராக்டர் பணிவாகத்தான் பேசினார். விரால் இருக்கிற இடத்தைக் காட்டினால் அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அள்ளுகிறாராம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேனாவை மூடியபடியே பிடித்துக்கொண்டேன். அந்த இடம் எனக்குத் தெரியும், துல்லியமாக எழுதவும் தெரியும்.

எஸ்தர் அக்கா எழுந்தார். கேன்டீன் சீருடையோடு, கான்ட்ராக்டர் கேட்டதற்கு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். டீக்கடைப் பெரியவர்தான் முதலில் சிரித்தார், பிறகு "ஆமா, அப்படியே எழுது" என்றார். மயில் வீட்டுக்காரர்கூட எழுந்து, தன் வரப்பில் கொக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். சவுடு எடுக்க ஊருக்குச் சம்மதமில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. காலிக் கட்டத்தில் நான் எழுதியது எஸ்தர் அக்காவின் பேரும், குஞ்சைத் தொடாத அவர் வழக்கமும், அன்றைக்கு அவர் சொன்ன பதிலும்தான்.

"குஞ்சு இன்னா சேர் போட்டு ஒரே எடத்துல குந்திகினா கீது? அதும்பாட்டுக்குச் சுத்திகினு கீது, ஏரி பூரான்னு எழுது."

அடி கணக்கோடு எழுதின நன்னாரி போய்விட்டது, இடமே சொல்லாமல் எழுதின விரால் இருக்கிறது, இதற்குத்தான் என்னை மூன்று வருஷம் தாவரவியல் படிக்கவைத்தார்கள்.