குசினிக்காரரின் மரக்கரண்டி

அந்த மரக்கரண்டி மூன்று முறை சட்டிக்குள் போய் வந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறை குசினிக்காரர் அதை நுனி நாக்கில் வைத்தார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு வாய் நிறைய வாங்கினார். மூன்றாம் முறை கரண்டியை வழித்துத் தின்று, அதன் முதுகையும் நக்கினார். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. எப்போதோ கத்தி பட்டு நரம்பு போய்விட்டது. கரண்டியைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கும் நின்றது. உப்புக் கரிக்கிற குழம்பை எந்த மனுசனும் மூன்றாம் முறை ருசி பார்க்க மாட்டான். இதை ஐம்பது வருசத்துக்கு மேலாக மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. பிறகு தைரியம் வந்தபோது கேட்க ஆள் இல்லை.

ஓமலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மாதா கோவிலை ஒட்டி ஒரு பங்களா இருந்தது. அதில் பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் இருந்தார். நாங்கள் பெரிய சாமியார் என்போம். நான் அஞ்சாவதோடு நின்று களையெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள். பதினேழு வயசில் அந்தப் பங்களாவுக்கு எடுபிடியாகப் போனேன். சமையலறையை அங்கே குசினி என்பார்கள். அதை ஆண்டுகொண்டிருந்தவர் பாண்டிச்சேரியிலிருந்து வந்த சமையல்காரர். அவருக்குக் குசினிக்காரர் என்றே பேர். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக நிற்பார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ புள்ளே" என்பார், இல்லாவிட்டால் விரலைச் சொடுக்குவார். சேவலைப் பிடிப்பது, அறுப்பது, மயிர் பிடுங்குவது, அடுப்பு ஊதுவது, வெங்காயம் உரிப்பது எல்லாம் என் வேலை. கண்ணில் தண்ணீர் வர உரித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். குழம்பு கூடிவரும் நேரம் பார்த்து, "போய்த் தண்ணி கொண்டா" என்று அனுப்பிவிடுவார். நிறைந்திருக்கும் தொட்டிக்கு எத்தனை குடம் தண்ணீர் சுமந்திருக்கிறேன்!

பெரிய சாமியாருக்கு உயிரான பண்டம் ஒன்று உண்டு. அவர் கோக்கோவான் என்பார். எனக்கு அது சேவல் குழம்பு. இளஞ்சேவல் அதற்கு ஆகாது. இரண்டு மூன்று வருசம் கூவித் திரிந்து, காலில் முள் நீண்ட கிழட்டுச் சேவல்தான் வேண்டும். துண்டு போட்டுத் திராட்சை மதுவில் ஊறவைத்து, மறுநாள் பன்றிக் கொழுப்பில் வறுத்து, அந்த மதுவையே ஊற்றி, மூடியைச் சுற்றிலும் கோதுமை மாவு பூசி அடைத்து, தணிந்த கங்கில் மத்தியானம் வரைக்கும் வைப்பார்கள். கடைசியில் சேவலின் ரத்தத்தை விட்டுத்தான் குழம்பைக் கெட்டியாக்குவது. ரத்தம் உறையாமலிருக்கக் கிண்ணத்தில் புளித்த காடி ஊற்றிப் பிடித்துக் கொடுப்பவள் நான்தானே. எங்கள் பக்கம் ஆட்டு ரத்தம் வறுத்துத் தின்று வளர்ந்தவளுக்கு அது என்னத்துக்கு என்று புரியாமல் போகுமா?

ஒரு முறை குசினிக்காரர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் சொன்ன நாளில் திரும்பவில்லை. மறுநாள் மத்தியானம் பெரிய சாமியாருக்கு வெளியூரிலிருந்து பெரிய விருந்தாளிகள். சாமியார் குசினி வாசலில் வந்து நின்று, கொச்சைத் தமிழில், "நீ செய்வாயா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். பார்த்ததும் ஊகித்ததுமாக அத்தனையும் செய்தேன். ஒன்றே ஒன்று என் சொந்தப் புத்தியில் செய்தேன். அந்த மதுவின் புளிப்பு நாக்கைச் சுண்டி இழுத்தது. அதற்குத் துளி கருப்பட்டி தட்டிப் போட்டேன். சட்டியைத் திறந்தபோது வந்த வாசத்தில் எனக்கே ஒரு கர்வம் வந்தது. என் வாழ்க்கையில் நான் கர்வப்பட்டது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அப்போதுதான் குசினிக்காரர் பையும் கையுமாக வந்து நின்றார். மரக்கரண்டியை எடுத்தார். மூன்று முறை ருசி பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு அந்தத் துண்டையே இரண்டு பக்கமும் பிடிதுணியாகப் பிடித்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பின்பக்கம் வாழையடியில் இருந்த சாக்கடையில் மொத்தத்தையும் கவிழ்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, "உப்பு கரிக்குது" என்றார். அவ்வளவுதான். விருந்தாளிகளுக்கு முட்டையை அடித்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, "புள்ள உப்ப அள்ளிக் கொட்டிடிச்சு சாமி" என்று சொன்னது எனக்கும் கேட்டது. உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சாமியாரும் சிரித்தார். பின்னால் ஒரு நாய் சாக்கடைக் கல்லை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனது பெரிதில்லை. பேர் கூடவே வந்துவிட்டது. உப்புக்காரி. ஊரில் கல்யாணத்துக்குச் சமைக்கப் பெண்கள் கூடினால், "அவளை உப்புச் சட்டிப் பக்கம் உடாதீங்கடி, சாமியாரையே கொல்லப் பாத்தவ" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். புதுச்சத்திரம் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். பேர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. மாமியார் கடைசி வரைக்கும் என் குழம்பில் விரல் விட்டுப் பார்க்காமல் யாருக்கும் ஊற்றவிட்டதில்லை. ஒரு நாள் வயிற்றெரிச்சலில் ரசத்துக்கு உப்பே போடாமல் வைத்தேன். "கொஞ்சம் தூக்கலா இருக்குதே, பாத்துப் போடக் கூடாதா?" என்றார். ஒருத்தர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எல்லா நாக்கும் அதைத்தான் சொல்லும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது. கூச்சம். நாலு பேர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவேன். ஆனால் கூச்சப்படுகிறவர்கள் மறந்துவிடுவார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பேசித் தீர்க்காதது எல்லாம் உள்ளேயேதான் கிடக்கும். பெரிய சாமியார் தம் தேசத்துக்குப் போனபின் குசினிக்காரர் பாண்டிச்சேரிக்கே திரும்பி ஓட்டல் வைத்திருப்பதாகக் காதில் விழுந்தது. அதையும் உள்ளே போட்டு வைத்தேன்.

சுற்றிலும் முட்டைக் கோழிப் பண்ணையாக இருக்கிற எங்கள் ஊரில் என் மருமகள் பிடிவாதமாக நாட்டுக்கோழி வளர்க்கிறாள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியை அவளே ஓட்டுவாள். வாயும் அந்த வண்டி மாதிரிதான், ஓயாது. கோயிலுக்கு வெட்டுகிறவர்கள் போக, கிழட்டுச் சேவலைச் சீந்த ஆளில்லை என்று ஒரு நாள் புலம்பினாள். வெள்ளைக்காரர்கள் அதைத்தான் தேடித் தின்பார்கள், பாண்டிச்சேரியில் அதற்கென்றே கடை உண்டு என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க அத்தே, இத்தன வருசமா இத வாயத் தொறந்து சொல்லலீங்களே! பாண்டிச்சேரில அப்பிடிக் கடை இன்னும் இருக்குதுங்களா?"

"தேடிப் பாக்கோணும், சாமி."

அவள் சேவல் விற்கப் போவதாக நினைத்து வண்டியை எடுத்தாள். நான் எதற்கு ஏறினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சேலம், ஆத்தூர் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். முதல் கடையில் வாசலெல்லாம் பூச்செடி, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சேவல் குழம்பு கேட்டோம். உள்ளே 'டிங்' என்று மணி அடித்தது. உடனே தட்டு வந்துவிட்டது. எலும்பு பல்லில் பட்டதும் மாவாக உதிர்ந்தது. "அத்தே, இது நம்மூருப் பண்ணைக் கோழிங்க. நமக்கு முன்னால வண்டியேறி வந்துருச்சு" என்றாள் மருமகள். இன்னொரு கடையில் வெள்ளையாக ஏதோ பாலாடையை ஊற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது கடைக்காரப் பையன் நல்லவன். காதோரம் குனிந்து, "பாட்டி, எல்லாம் ஐஸ் பெட்டில இருந்து வர்றதுதான். இதுக்குப் போய்க் காசக் கரியாக்காதீங்க. பழைய மாதிரி சமைக்கிறது ஒரே எடம்தான்" என்று வழி சொன்னான்.

சந்துக்குள் சின்னக் கடை. பேர்ப்பலகைகூட மங்கிக் கிடந்தது. வாசலிலேயே அந்த வாசம் வந்தது. உள்ளே, குசினிக் கதவோரம் பிரம்பு நாற்காலியில் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு கிழவர். மடியில் ஒரு மரக்கரண்டி. அதைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

கடையை நடத்துவது அவருடைய மகள். ஐம்பது வயசிருக்கும், நல்ல சிரிப்பு. ஒரு நாளைக்கு ஒரே சட்டிதானாம், தீர்ந்தால் தீர்ந்ததுதானாம். முற்றிய சேவல் கிடைக்காமல் பல நாள் அதுவும் இல்லையாம். மருமகள் சேவல் கதையைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "எல்லா வேலையும் நான்தான்மா. உப்பு மட்டும் இன்னிக்கும் அப்பாதான். அவரு கரண்டி வச்சுப் பாத்தாத்தான் சட்டி எறங்கும். அதுக்காவத்தான் காலையில எழுந்திரிக்கிறாரு" என்றார்.

குழம்பு வந்தது. மாவு பூசி அடைத்த சட்டிதான். சேவல்தான், ரத்தம்தான். எலும்பு கல் மாதிரி இருந்தது, சதை விரல் பட்டதும் விலகியது. இரண்டாவது வாயில் நாக்கின் அடியில் ஒன்று தட்டுப்பட்டது. கருப்பட்டி.

"லேசா ஒரு இனிப்பு கீதில்ல? அது அப்பாவோட ரகசியம். பிரெஞ்சுக்காரங்களே வந்து கேட்டுப் பாத்தாங்க, சொல்ல மாட்டேன்னுட்டாரு" என்றார் மகள்.

மூன்று முறை ருசி பார்த்தது எதற்கு என்று அப்போது விளங்கியது. என்ன போட்டிருக்கிறேன் என்று கண்டுபிடிக்க அவருக்கு மூன்று கரண்டி தேவைப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்த பிறகுதான் கவிழ்த்திருக்கிறார். அதை வைத்து ஆயுசு முழுக்கப் பிழைத்திருக்கிறார். நான் உப்புக்காரியாக இருந்திருக்கிறேன்.

தட்டில் ஒரு சொட்டு விடாமல் ரொட்டியால் வழித்துத் தின்றேன். நல்ல சாப்பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று மகள் கேட்டார். அக்கம்பக்கத்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். கிழவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை எனக்குக் கூச்சம் வரவில்லை.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. உப்புத்தான் கரிக்குது."

பக்கத்து மேசையில் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார். கிழவர் எழுந்தே விட்டார். தள்ளாடிக்கொண்டு குசினிக்குள் போய்ச் சட்டியின் அடியை வழித்து வாயில் வைத்தார். மறுபடி வைத்தார். "இல்லியே. சரியாத்தானே கீது" என்றார். மகள் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, தானும் வைத்துப் பார்த்தார். வெளியே மேசைகளைப் பார்த்தார். "லேசா தூக்கலாத்தான் கீதோப்பா?" என்றார். கிழவர் எங்கள் எல்லாரையும் பார்த்து, "சரியாத்தான் கீது, சத்தியமா" என்றார். மகள் குழந்தையைத் தட்டுகிற மாதிரி அவர் தோளைத் தட்டினார். "வயசாயிடிச்சு இல்ல. நாளையிலேர்ந்து நானே பாத்துக்கறேம்பா."

நான் யாரென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். பதினேழு வயசில் எனக்கு அப்படி ஒரு காரணம் கிடைக்கவில்லை.

விழுப்புரம் தாண்டியதும் மருமகள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"அத்தே, எனக்கு ஒண்ணும் கரிக்கலீங்களே."

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு, சாமி."

கொஞ்ச தூரம் போனதும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். "நீங்க சொன்னதுக்கப்பறம் யோசிச்சா, லேசா கரிச்ச மாதிரித்தானுங்க இருக்குது" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பைச் சிரித்தேன். பிறகு, "அந்தக் கடைக்குச் சேவல் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். கொடு என்றேன். பழைய மாதிரி சமைக்கிற கடை அது ஒன்றுதானே.

இப்போது வாராவாரம் சேவல் போகிறது. போய் வந்து மருமகள் சேதி சொல்வாள். கிழவர் அதே கதவோரம்தான் உட்கார்ந்திருக்கிறாராம். சட்டி இறக்குகிற நேரத்தில் கையை நீட்டிக் கரண்டியைக் கேட்கிறாராம். மகள், "இருப்பா, இருப்பா" என்று சொல்லிவிட்டுத் தானே ருசி பார்த்து இறக்கிவிடுகிறாராம். "பாவமுங்க அத்தே" என்கிறாள். சேவலைப் பிடிக்கிற வேலையை மட்டும் யாருக்கும் விடுவதில்லை. முள் நீண்டு, மார் அகன்று, கொழுத்ததாகத் தேடி நானே பிடித்துக் காலைக் கட்டி ஏற்றுகிறேன். குழம்பு மிக நன்றாக வர வேண்டும். வாசம் அந்த நாற்காலி வரைக்கும் போக வேண்டும். கரண்டிதான் போகக் கூடாது.