பனி அள்ள இருபது பவுண்

லண்டனில், எங்கள் ரெய்னர்ஸ் லேனில் கணுக்கால் புதையப் பனி கொட்டிக் கிடந்த அந்த வாரம், சித்தப்பாவின் மினிகாப் வாடகைக் கார் வீதிக்கு இறங்கவில்லை. சும்மா இருக்கத் தெரியாத சித்தப்பா, வீட்டு வாசல்களில் பனி அள்ளிக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்றார். பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்திருந்த அப்பா, மறுத்துப் பேசவும் களைப்பாக இருந்ததாலோ என்னவோ, சம்மதித்தார்.

விலை பேசுவதிலேயே காலை போனது. ஒரு கார் நிற்கும் வாசலுக்குப் பத்து பவுண், இரண்டு கார் என்றால் பதினைந்து என்றார் சித்தப்பா. உப்புத் தூவினால் மேலே இரண்டு என்றார் அம்மா. உப்பு அவருடைய குசினியிலிருந்து போவதாயிற்றே. எல்லாவற்றுக்கும் பத்து போதும் என்று அப்பா கண்ணை மூடியபடி சொன்னதே கடைசியில் நின்றது. கதவைத் தட்டி ஆங்கிலத்தில் விலை சொல்வது, பள்ளிக்கூடம் மூடியதால் வீட்டிலிருந்த என் வேலை.

முதல் சில வீடுகள் நல்லபடியாகப் போயின. அடுத்த வீட்டு வாசல் நிலையில் மாவிலைத் தோரணம் தொங்கியது. அதைக் கண்டதும் அப்பா சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

"இருபது எண்டு சொல்லு. தமிழ் கதையாதை."

வேண்டாம் என்று விடுவார்கள் என நினைத்திருப்பார். கதவைத் திறந்த பெண் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார், உடனே சம்மதித்தார்.

அப்பா வீட்டுக்கு முதுகைக் காட்டியபடியே அள்ளினார். இடையிடையே பனி அள்ளும் சவளை ஊன்றிக் கண்ணை மூடி நின்றார். கொஞ்சம் இருக்கச் சொல்லிச் சித்தப்பா கெஞ்சியும் கேட்கவில்லை. வேலை முடியும் நேரம் அந்தப் பெண் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்து, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"ஆறமுதல் குடியுங்கோ மாஸ்டர். நான் உங்களிட்டக் கணக்குப் படிச்சனான்."

அப்பா சால்வையை மெல்ல இறக்கினார்.

"ஓம். நல்லா இருக்கிறீரோ பிள்ளை?"

அந்தப் பெண் என் கையில் வைத்த இரண்டு பத்துப் பவுண் தாள்களில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அப்பா. பிறகு நாங்கள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. சித்தப்பாவும் ஏனென்று கேட்கவில்லை.

எனக்குத்தான் அப்பாமேல் கோபம். என் வீட்டுப்பாடக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தால் இரண்டாம் வரியிலேயே தூங்கிப்போகிறவர் அவர். அந்தப் பெண் ஆள் மாறி மாஸ்டர் என்று சொன்னதைத் திருத்தாமல், அவருடைய தேத்தண்ணியையும் வாங்கிக் குடித்துவிட்டாரே என்று வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.