வயிற்றுவலி எனாக்

எனாக் டாட்டர்சால் வீடு எது என்று கேட்டால் எங்கள் ஸ்கார்த்வெல் ஊரில் யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். வயிற்றுவலி எனாக் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைநீட்டிக் காட்டும். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவரோடு ஒரே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவன் நான். ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவருக்குப் பின் வரிசையில் உட்காருகிறேன். எனக்குத் தெரிந்து அந்த மனிதருக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை.

சுரங்கம் வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடிய காலம் அது. வேலையில்லாத பையன்கள் சுவரோரம் குந்திக் கிடப்பார்கள். அவர்களுக்கு என்று இருந்தது எங்கள் மெதடிஸ்ட் ஆலயத்தின் கால்பந்து அணி ஒன்றுதான். வருடாவருடம் செப்டம்பரில், இங்கிலாந்து அணிகள் எல்லாம் ஆடும் பெரிய கோப்பையின் தகுதிச் சுற்றுக்கும் பேர் கொடுத்துவிட்டுப் போய்த் தோற்று வருவோம். முன்கூட்டிப் பேர் அனுப்பியவர்கள்தான் ஆடலாம் என்று விதி.

அந்த வருடம் வெளியூரில் ஆட்டம். எனாக்கின் தம்பி சேத் எங்கள் இடது அரைக்காவலன்; நடுக்களத்தின் இடப்பக்கத்தைக் காப்பவன். சுரங்கத்துக்குள் குதிரை ஓட்டுவது அவன் வேலை. அன்று காலை அவனுடைய குதிரை பாதையில் விழுந்து கால் சிக்கிக்கொண்டது. அதைத் தனியே விட்டுவிட்டு மேலே வர அவனுக்கு மனமில்லை. என் சட்டையை அண்ணனுக்குப் போட்டு விடுங்கள் என்று சொல்லியனுப்பினான். எனாக் கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டத்தை விட்டிருந்தவர். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் எங்களோடு லாரியில் ஏறியிருந்தார். சேத்தின் சட்டையில், சேத்தின் பேரில் ஆடினார். ஆறு கோல் வாங்கினோம். அப்படித் தோற்றுத் திரும்புகிறவர்களிடம் யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள்? அன்றைக்கு ஆடியது சேத் என்றே எங்கள் மனதிலும் பதிந்துவிட்டது. எனாக் மனதிலும் அப்படித்தான்.

ஆனால் அந்த ஒரு நாள் அவர் காலில் பழைய ஆசையைக் கிளப்பிவிட்டது. மறுபடி ஆட ஆரம்பித்தார். சுரங்கங்களுக்கு இடையே நடந்த ஒரு பந்தயத்தில் கெல்டர்ஃபோர்ட் நகர அணியின் மேலாளர் பிராட்பென்ட் அவரைப் பார்த்துத் தன் அணிக்குப் பிடித்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு ஆட்டம் ஆடினார் எனாக். எதிராளியின் காலிலிருந்து பந்தை அவர் எடுப்பதைப் பார்த்தால், தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல இருக்கும். ஜனவரியில் அதே பெரிய கோப்பையின் மூன்றாம் சுற்று வந்தது. லண்டனிலிருந்து முதல் பிரிவு அணி ஒன்று கெல்டர்ஃபோர்ட்டுக்கே வந்து ஆட வேண்டும் என்று சீட்டு விழுந்தது. எனாக் நிச்சயம் ஆடுகிறார் என்று ஊரே பேசியது. இருபத்தாறு வயதில் அப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, உடை மாற்றும் அறையில் புதிதாக வந்த இன்னொருவனிடம் பிராட்பென்ட் சொல்லிக்கொண்டிருந்தாராம்: நீ இந்தப் பருவம் வேறொரு அணிக்குக் கோப்பையில் ஆடிவிட்டாய், அதனால் எங்களுக்கு ஆட முடியாது என்று. பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த எனாக்கின் கை அப்படியே நின்றுவிட்டது.

அறை காலியாகும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு பிராட்பென்டிடம் போய், செப்டம்பரில் ஆடியதை முழுவதும் சொன்னார். பிராட்பென்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"உன் தம்பி பேருலதானே ஆடின. யாருக்குய்யா தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"கண்டுபிடிச்சா எங்களைப் போட்டியிலேருந்தே தூக்கிருவாங்க. நீ வெளியில சொன்னாலோ, உங்க கோயில் பசங்க டீமுக்குத் தடை. இதை எதுக்குய்யா என் தலையில கொண்டு வந்து போட்ட?"

பிராட்பென்ட் கெட்டவர் அல்ல. எனாக்குக்கு வயிற்றில் கோளாறு, ஆட முடியாது என்று பத்திரிகைக்காரர்களிடம் அவரே சொல்லிவிட்டார். அன்று ஜெபக்கூட்டம் முடிந்ததும் எனாக், செப்டம்பரில் ஆடிய எங்களை ஒவ்வொருவராகப் பிடித்து, பையன்களுக்காக வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினார். நாங்கள் திறக்கவில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. கம்பித் தடுப்போரம் எனாக், சேத், நான் மூவரும் நின்றோம். தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டிருந்தார் எனாக். அண்ணன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று சேத் ஒரு கிண்ணம் சூடான பட்டாணியை, வினிகர் ஊற்றி, வாங்கி வந்து அவர் கையில் திணித்தான். அவர் இடத்தில் ஆடியது பெர்சி உவோமக், முப்பத்தாறு வயதுக்காரர். சேற்றில் அவர் கால் புதைந்து புதைந்து வந்தது. லண்டன்காரர்கள் அந்தப் பக்கமாகவே வந்து இரண்டு கோல் போட்டார்கள். கெல்டர்ஃபோர்ட் ஒன்றுதான் போட்டது. ஒவ்வொரு முறை பந்து பெர்சியைத் தாண்டும்போதும் எனாக்கின் இடது கால் நின்ற இடத்திலேயே ஓர் அங்குலம் முன்னால் போகும். அதை நான் பார்த்தேன்.

பின்னாலிருந்து ஒருத்தன் எனாக்கை அடையாளம் கண்டுகொண்டான்.

"ஏ, இங்க பாருங்கடா நம்ம நோயாளிய. வயித்து வலியாம், பட்டாணியை அள்ளி அள்ளித் தின்னுட்டு நிக்கிறான்."

"லண்டன்காரனைப் பாத்ததும் வந்த வலிடா அது. பட்டாணிக்குச் சரியாப் போயிருக்கும்."

சுற்றிலும் சிரிப்பு. சேத் திரும்பினான். எனாக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு கையால் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, விடு. சொல்லிடறேன்."

"நீ பேசாம ஆட்டத்தைப் பாரு."

அன்று மாலை எனாக்கின் அடுத்த வீட்டு மிசஸ் ஓல்டுராய்டு அவருக்காக மாட்டிறைச்சிச் சூப்பு காய்ச்சி எடுத்து வந்தார். ஏச்சை எப்படியோ தாங்கிக்கொண்டவரால் இந்த அன்பைத் தாங்க முடியவில்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார். மறுக்கவும் வழியில்லை. அந்த அம்மாள் கண்முன்னாலேயே கடைசிச் சொட்டுவரை குடித்து, வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்றாராம். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பொய் அதுதான்.

அடுத்த பருவம் எனாக் முழங்காலை முறித்துக்கொண்டார். கோப்பை ஆட்டம் எதிலும் அவர் கால் வைக்கவே இல்லை, சேத்தின் பேரில் ஆடிய அந்த ஒன்றைத் தவிர.

யுத்தத்தோடு ஆலய அணியும் கலைந்தது. பழைய பதினொரு பேரில் பலர் வேறு சுரங்கங்களுக்குப் போனார்கள், சிலர் யுத்தத்திலிருந்து திரும்பி வரவில்லை. இனிமேல் தடை போட அணியே இல்லை என்று ஆனபின், அவரவர் மனதில் உள்ளதை எழுந்து சொல்லும் ஆலயச் சாட்சிக் கூட்டம் ஒன்றில் சேத் எழுந்து நின்று முழுவதையும் சொன்னான். குதிரை விழுந்ததைச் சொல்லும்போது அழுதுவிட்டான். நானும் எழுந்து, உண்மைதான், அன்று நானும் ஆடினேன் என்றேன். கர்த்தருடைய வீட்டில் சொல்லிவிட்டோம், தீர்ந்தது என்று நினைத்தேன்.

யாரும் கேலி செய்யவில்லை. பரிவோடு தலையாட்டினார்கள். மிசஸ் ஓல்டுராய்டு சேத்தின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அண்ணன் மேல உனக்கு எவ்வளவு பாசம் சேத்து, அவருக்காகக் கதையே கட்டிட்டியே. மனசுல வெச்சுக்காதப்பா. பயம் யாருக்குத்தான் இல்ல?"

சேத் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். எனாக் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சுரங்கக் கூண்டில் நெருக்கி நின்று இறங்கும்போது இருட்டுக்குள் யாரோ வழக்கம்போலக் கேட்டார்கள்.

"வயிறு எப்படி எனாக்கு?"

"பரவாயில்லப்பா" என்றார்.