வேர்க்காத குதிரை

துரை விடுப்பில் சீமைக்குக் கப்பலேறியபோது ரப்பர் தோட்டத்து ஆபீசை என்னிடம் விட்டுப் போனது நியாயம். நான் அங்கே கிராணி, கணக்கெழுதுகிறவன். அவருடைய இளங்குதிரையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனதுதான் எனக்கு விளங்கவில்லை. குதிரைக்காரன் காய்ச்சலோடு ஊர் திரும்பிவிட்டான், வேறு ஆள் அகப்படவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆன செம்பழுப்புக் குதிரை அது. ரோமம் மங்கிக் கிடக்கிறது, நல்ல தீனி போட்டு மினுமினுக்க வை என்றார் துரை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வண்டி மாடுகள் நின்றன. அந்த ஒரு தகுதியை நம்பித் தலையாட்டினேன்.

எனக்கு அப்போது பேச்சுத் துணைக்கு ஆளே இல்லை. லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து செம்மண் பாதையில் நெடுந்தூரம் நடந்தால் எங்கள் தோட்டம். பால்மரம் சீவும் சனங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு அவர்களை வேலைக்கு அனுப்புகிறவன் நான். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். "உட்காருங்க கிராணி ஐயா" என்று பலகையைத் துடைத்துப் போடுவார்கள். பிறகு நான் எப்போது எழுந்து போவேன் என்று காத்திருப்பார்கள். பங்களாவிலோ படிக்கட்டுக்கு மேல் எனக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பலகை வீட்டில் நானே கஞ்சி வைத்து நானே குடித்தேன். சண்டை போடுவதற்குக்கூட ஒருவர் வேண்டுமே, அதுவும் இல்லை.

அதனால் குதிரையை நான் விழுந்து விழுந்து கவனித்ததில் ஆச்சரியமில்லை. கொள்ளை ஊறப்போட்டு, வேகவைத்து, ஆறவிட்டுத் தவிட்டோடு பிசைந்தேன். ஆளிவிதையைக் கூழாகக் கொதிக்கவைத்துச் சேர்த்தேன். ரோமப் பளபளப்புக்கு அதுதான் மருந்து என்று துரை சொல்லியிருந்தார். தோட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் லாலான் புல்லில் சத்து கிடையாது. ஓடைக்கரை இளம்புல்லாக அறுத்துவரச் செய்தேன். பிரஷால் தேய்த்துவிடும்போது அம்மாவைப் பற்றி, வீட்டுக் கிணற்றடியைப் பற்றி, அன்றைக்கு யார்மேல் எரிச்சல் என்பதைப் பற்றியெல்லாம் சொல்வேன். என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு லயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். குதிரை சிரிக்கவில்லை. காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும்.

"அலமாக்! ஐயா கஞ்சி குடிச்சிக்கிட்டு குதிரைக்கு விருந்து வைக்கிறாரு லா" என்பார் தீனி மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரர்.

விருந்து வைத்தும் பலனில்லை. கொள்ளைக் கூட்டினேன், தேங்காயெண்ணெய் கலந்தேன். ரோமம் இன்னும் சொரசொரப்பாகிக் குத்திட்டு நின்றது, தோலில் செதில் உதிர்ந்தது. ஒரு நாள் முற்பகலில் அதை நடத்திக்கொண்டு போனேன். என் சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது. குதிரை மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. பிடரிக்குள் கை விட்டுப் பார்த்தால் காய்ந்த தோல் அடுப்புப் போலக் கொதித்தது. விலா ஏறி ஏறி இறங்கியது.

"என்னடா செய்யுது உனக்கு? ஏன் வேர்க்கேல்லை?" என்று கேட்டேன்.

துரைக்குப் பதிலாக இருந்த சின்னதுரை வந்து பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகள் சில இந்தப் புழுக்கத்தில் வேர்ப்பதையே விட்டுவிடும், சூடு உள்ளேயே தங்கிவிடும் என்றார். கொள்ளையும் எண்ணெயையும் நிறுத்தினேன். புல்லும் தவிட்டுக் கஞ்சியும் உப்புத் தண்ணீரும் மட்டும் கொடுத்தேன். வெயில் ஏறும் நேரமெல்லாம் வாளி வாளியாக மேலே ஊற்றினேன். ஊற்றும்போது மூச்சு கொஞ்சம் தணியும், காய்ந்ததும் பழையபடி இரைக்கும்.

இங்கே வைத்திருந்தால் பிழைக்காது என்று சின்னதுரை சொல்லிவிட்டார். பகாங் மலைமேல் துரையின் நண்பர் ஒருவர் இருக்கிறார், அங்கே குளிர். அனுப்புவதா வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும், துரை உன்னை நம்பித்தானே விட்டுப்போனார் என்றார். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அது குதிரைக்காக வந்த சொல் இல்லை என்று எனக்கே தெரிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று குதிரை லாயத்துக்குப் போனேன். அது கொதிக்கும் நெற்றியை என் மார்பில் சாய்த்துக்கொண்டு இரைத்தது. போ என்று சொல்ல மனமில்லை. அந்த மூச்சைக் கேட்டபின் இங்கேயே இரு என்று சொல்லவும் முடியவில்லை. மறுநாள் காலையில் அனுப்பிவிடச் சொன்னேன்.

வெயிலுக்கு முன்பே நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போய்ச் சரக்குப் பெட்டியில் ஏற்றினேன். ஓடைக்கரைப் புல்லை அள்ளிப் போட்டேன். கதவைச் சாத்தும்போது அது தின்றுகொண்டிருந்தது. ரயில் போனபிறகு வந்த வழியே திரும்பினேன். வழியில் ஓடைமேல் இருக்கும் மரப்பாலத்தில் ஒரு பலகை ஆடும். அங்கே வந்ததும், குதிரைக்குச் சொல்லும் பழக்கத்தில், "பாத்துக் கால் வை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்படியே பாலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

துரை திரும்பி வந்ததும் மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குதிரைக்கு வேர்க்கிறதாம். ரோமம் பட்டுப் போலப் பளபளக்கிறதாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். லீவு தருகிறேன், நீயும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். வேண்டாம் என்றேன். உனக்கு அதன்மேல் பிரியமே இல்லையா என்று முகம் சுளித்தார். பார்க்க ஆசை இல்லாமலா? ஆனால் பார்த்துவிட்டு, மறுபடியும் அந்தப் பாதையில் தனியாகத்தானே நடந்து வர வேண்டும். இதை ஒரு துரையிடம் எப்படிச் சொல்வது? வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனேன்.