ஆயுத பூஜையன்று போன காட்டு வழி

ஆயுத பூஜை அன்றைக்கு சைக்கிள் ஓட்டப் போட்டி வைப்பார்களா? அடையாற்றுக்காரர் ஒருவர் வைத்தார். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

அப்போது என் மகள் பத்தாவது முடித்திருந்தாள். எனக்கு தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை. வீடு மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு அம்மா வெளிநாட்டுக்குக் குடிபோனபோது, தடித்த டயரும் கியரும் வைத்த சைக்கிள் ஒன்றை என் மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து அவள் தரையில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடையாற்றில் ரிட்டயர்டான ஆபீசர் ஒருவர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். இவளும் சேர்ந்தாள். கேளம்பாக்கம் தாண்டி, திருப்போரூர் போகிற பக்கம் ஒரு வழி பார்த்து வைத்திருந்தார். அதில் போட்டி. முதலில் வருகிற ஆறு பேரை நீலகிரிக்கு அழைத்துப்போய் ஒரு வாரம் மலைக்காட்டில் ஓட்ட வைப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆறில் ஒருத்தியாக வரவேண்டும். என் மகளுக்குச் சோறு, தூக்கம் எல்லாம் அதுதான்.

பழகுவதற்காக நான்கு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அவள் கியர் சைக்கிளில், நான் என் பழைய கேரியர் வைத்த சைக்கிளில். திருவான்மியூரில் மருந்தீஸ்வரருக்கு வாசலிலிருந்தே ஒரு கும்பிடு. அப்புறம் கடலோரமாகச் சவுக்குத் தோப்புகள். உள்ளே திரும்பினால் முந்திரிக்காடு. கிளைகள் தோளை உரசும், குனிந்துதான் ஓட்டவேண்டும். அதைத் தாண்டினால் செம்மண் மேடுகள், ஒன்று ஏறி ஒன்று இறங்கும். கடைசி மேட்டில் நின்று பார்த்தால் கீழே ஏரி. அந்த இறக்கம் நேராக ஏரிக்கரைக்குப் போய், அங்கே சட்டென்று இடதுபக்கம் திரும்பும். திருப்பத்தில் ஒரு முந்திரி மரம், சுற்றிலும் முள்.

"இங்கதாம்பா எல்லாரும் பயந்து இறங்கிடுவாங்க. நான் இறங்க மாட்டேன். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டா போதும்" என்பாள். தொட்டுத் தொட்டு விட்டுத் திரும்பியும் காட்டுவாள். நான் மூச்சிரைக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கும்போது ஏரிக்கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள். பிறகு திருப்போரூர் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

இப்படி இருக்கும்போது போட்டித் தேதி சொன்னார்கள். ஆயுத பூஜை.

எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் விஜயதசமி அன்று திரும்பவும் பூஜை செய்து, சரஸ்வதி படத்தை வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்த பிறகுதான் எடுப்போம். அதற்கு முன்னால் ஒரு கத்தரிக்கோலைக்கூடத் தொடமாட்டோம். நான் நேராக அடையாற்றுக்குப் போனேன்.

"சார், பூஜையில வெச்ச வண்டிய எடுக்கக் கூடாது. மறுநாள் வெச்சுக்குங்க சார்."

"லீவு நாள்லதானே சார் எல்லாரும் வர முடியும்?"

"அந்த லீவே பூஜைக்குத்தானே சார் வுட்டுகீறாங்க?"

அவர் சிரித்தார். "கரெக்ட்டுதான்" என்றார். தேதியை மாற்றவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து, "போட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்தினேன். மகள் உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரிதான் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, ஆயுத பூஜை அன்னிக்கு ஆஸ்பத்திரில டாக்டரு கத்திய சாமிகிட்ட வெச்சிட்டு, நாளைக்கு வாங்கன்னா சொல்றாரு?"

"டாக்டரும் இதுவும் ஒண்ணா?"

"சாமிகிட்ட கேட்டு எடுத்தா சாமி ஒண்ணும் சொல்லாது. நீங்கதான் ஒரு மாசம் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருப்பீங்க."

கடைசியில் நான் இறங்கி வந்தேன். விடியற்காலையிலேயே பூஜையை முடித்து, அப்போதே படத்தை வடக்கே நகர்த்திவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். மனசுக்கு ஒப்பவில்லை. அவசரப் பூஜை என்கிற குறை இருக்கக் கூடாதென்று, முதல் நாள் சாயங்காலமே நான் உட்கார்ந்து அந்த சைக்கிளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடையில் பாத்திரங்களைத் துலக்கி, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தக் கைப்பழக்கம். கம்பி, ஹேண்டில்பார், ஸ்போக்ஸ், ரிம் எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் சக்கரம் இரண்டும் வெள்ளிப் பாத்திரம் போல இருந்தன. காலையில் சந்தனம், குங்குமம், ஹேண்டிலில் ஒரு முழம் பூ. கற்பூரம் காட்டி, படத்தை நகர்த்தி, "தாயே, குத்தமா எடுத்துக்காதே" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தேன்.

சைக்கிள்களை அடையாற்றிலிருந்து ஒரு வேனில் ஏற்றிப் போனார்கள். நானும் அதில் தொற்றிக்கொண்டு போய், ஏரிக்கரைத் திருப்பத்தில் நின்றேன். அங்கே வரைக்கும் மணலும், இறங்கினால் அடுத்த ஏற்றமே வண்டியை நிறுத்திவிடுகிற சின்ன மேடுகளும்தான். பிரேக் பிடிக்கிற வேலையே கிடையாது.

முதலில் இரண்டு பையன்கள் மேட்டில் தெரிந்தார்கள். இறங்கி, தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது என் மகள். இறங்கவில்லை. பாதி இறக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"பிரேக் புடிக்கலப்பா! தள்ளு, தள்ளு!"

இரண்டு கையாலும் பிரேக்கை நசுக்குகிறாள், வண்டி அம்பு மாதிரி வருகிறது. திருப்பத்தில் திரும்பாமல் நேராக முள்ளுக்குள் போய், முந்திரி மரத்தில் மோதி விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம். எங்களைத் தாண்டி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆபீசர் மொபெட்டில் வந்து இறங்கினார். நான் விடவில்லை.

"சொன்னேனே சார்! தலபாடா அடிச்சிக்கினேனே! பூஜை நாள்ல வண்டிய எடுக்கக் கூடாதுன்னு! சிரிச்சீங்களே, இப்ப சிரிங்க! புள்ளைக்கு இன்னா ஆயிருந்தாலும் யார் சார் பதில் சொல்றது?"

என் வாயில் என்னென்ன வந்ததோ அத்தனையும் சொன்னேன். அவர் சைக்கிளை நிமிர்த்தினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். நிற்கவில்லை. ரிம்மில் விரலை வைத்து, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய். பிரேக் கட்டை பிடிக்கிற இடத்துல யார் எண்ணெய் தடவினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், "நான்தான் அங்கிள். தெரியாம போட்டுட்டேன்" என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்து பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் சிரித்தான். "ரிம்முக்கு எண்ணெயா! தலைக்கும் வெச்சுக்கினு வந்தியா?"

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினவன், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றேன். அவள் என் தோளிலிருந்த துண்டை இழுத்து, மண்ணை அள்ளி ரிம்மில் தேய்த்தாள். துண்டு வீணானதுதான் மிச்சம். பிரேக் அரைகுறையாகத்தான் பிடித்தது. ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். மிச்ச வழி முழுக்க, இறக்கம் வரும்போதெல்லாம் காலைத் தரையில் தேய்த்தே நிறுத்தியிருக்கிறாள். ஒன்பதாவதாக வந்தாள். வலது செருப்பின் அடி காகிதம் போல ஆகியிருந்தது.

வீட்டில் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி, "வேலை செஞ்ச ஆயுதம் இதான். இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடுங்க" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அது அவள் மேல் வந்த கோபம் இல்லை.

"ஏம்மா பொய் சொன்னே?" என்று மகளைக் கேட்டேன்.

"அத்தன பேர் எதிர்ல உன்னக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?" என்றாள். செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "நீயே சொல்லுவேன்னு பாத்தேன்பா" என்றாள்.

மறுநாள் விஜயதசமி. விளக்கேற்றிக் கும்பிட்டு நிமிரும்போது, வாசலில் அவள் சோப்புத் தண்ணீரில் ரிம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கையில் கட்டு.

"எங்கேம்மா போறே?"

"அதே வழி. வர்றதுன்னா வா."

போனேன். அடையாறு வந்ததும் அந்த ஆபீசர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். கை கூப்பி, "எண்ணெய் தடவினது நான்தான் சார். அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. நேத்து உங்களப் பேசினதும் தப்பு" என்றேன்.

"தெரியும் சார். நேத்து நான் கேட்டதுமே உங்க மூஞ்சியப் பாத்தேனே. ஆனா ஆறு பேரும் முடிவாயிடுச்சு. மாத்தினா மத்தவங்களுக்கு அநியாயம்" என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

வழி நெடுக மகள் எனக்கு முன்னாலேயே ஓட்டிப்போனாள். சவுக்குத் தோப்பு, முந்திரிக்காடு, செம்மண் மேடு எல்லாம் தாண்டிக் கடைசி மேட்டுக்கு வந்தோம். "நீ முன்னாடி போய் நில்லு" என்றாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, நேற்று நின்ற இடத்தில் நின்றேன்.

அவள் இறங்கினாள். சீட்டிலிருந்து எழுந்து நின்றபடி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு வந்தாள். திருப்பத்தில் வண்டி சாய்ந்தது, முள்ளில் ஒரு நூல்கூடப் படாமல் திரும்பி, என் எதிரில் வந்து நின்றது.

"பாத்தியா?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், குரல் முழுக்கக் கோபம்.

பார்த்தேன். பேர் எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லாத அந்த ஏரிக்கரையில் நான் ஒருவன் மட்டும் நின்று பார்த்தேன். திருப்போரூரில் முருகன் முன்னால் நின்றபோது என் வாயில் பாட்டும் வரவில்லை, மந்திரமும் வரவில்லை. "நேத்து இது நடந்திருக்கணும்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.