மாமாவின் ராடு வண்டியும் நான் எடுத்த ஸ்டியரிங் பாக்ஸும்

சித்தி கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது அம்மா, பத்திரிகை எழுதியது தாத்தா, ஸ்டியரிங் பாக்ஸ் எடுத்தது நான். இதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். எங்கள் மாமாவைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மாமா அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். நன்னிலத்தில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்து, நான்கு பேப்பரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். சாப்பிட உட்கார்ந்தால் தாத்தா அந்த நான்கு பேப்பரைப் பற்றி ஒரு தரமாவது சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு ரசம் குடிப்பார்.

மில்லுக்குப் பின்னால் கொட்டகையில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மில் முதலாளி "எடுத்துட்டுப் போப்பா, இடமாவது காலியாகும்" என்று கொடுத்துவிட்டார். மாமா அதன் கூரையை அறுத்து எறிந்தார். ஒரு பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தை வாங்கி அதன் மேல் உட்கார வைத்தார். ஒரு டீசல் எஞ்சினை வைத்து, ஊரே பார்க்கட்டும் என்று மூடி போடாமல் விட்டார். அமெரிக்காவில் இப்படிச் செய்வார்களாம், ஹாட் ராட் என்று பேராம். எங்கள் வீட்டில் அது ராடு வண்டி ஆயிற்று. தாத்தா மட்டும் "அந்தத் தகர டப்பா" என்பார்.

சித்திக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தார். தேங்காய் வியாபாரக் குடும்பம், தங்கமான மனுஷர்கள். வேறெதுவும் கேட்கவில்லை, மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். இதென்ன பிரமாதம் என்று தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் விசாரித்தால், அந்த முகூர்த்தத்துக்கு எல்லாத் திறந்த காரும் வேறு மாப்பிள்ளைகளுக்குப் பேசியாகிவிட்டது.

"நம்ம வண்டி இருக்குப்பா" என்றார் மாமா.

தாத்தா பார்த்த பார்வையில் மாமா பாதியானார். நல்லவேளை, சித்தி வாயைத் திறந்தாள். "அண்ணன் வண்டியிலயே வரட்டும்ப்பா. எனக்கும் அதான் ஆசை." சித்தி கேட்டு தாத்தா இல்லை என்றது கிடையாது.

"சரி. ஆனா சம்பந்தி முன்னாடி ஏதாவது ஏடாகூடமாச்சு, அதோட நீ இந்த வீட்டுப் படியேறக் கூடாது" என்று மாமாவிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அப்போது வண்டியில் எல்லாம் இருந்தது, ஸ்டியரிங் மட்டும் இல்லை. அந்தக் கோடை விடுமுறைக்குத்தான் நான் தஞ்சாவூரிலிருந்து தாத்தா வீட்டுக்குப் போய் இறங்கியிருந்தேன், ஒன்பது வயசு. மாமா இரண்டு சாக்கில் இரண்டு ஸ்டியரிங் பாக்ஸ் கொண்டுவந்தார். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்கள் திரும்ப வேண்டுமே, அந்தச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இரும்புப் பெட்டி அது. ஒன்று வேறொரு பழைய ஜீப்பினுடையது. தஞ்சாவூர் இரும்புக் கடையில், பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் எடுத்தது. இன்னொன்று வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றியது, நாகூரில் வாங்கியது, பார்க்கவே பளபள என்று இருந்தது.

வெல்டிங் கடைக்காரர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு நாகூர் பாக்ஸைத் தட்டினார். "தம்பி, இது இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுற நாட்டுப் பெட்டி. நமக்கு வலது பக்கம்ல வேணும்? ஜீப் பெட்டியே போடுங்க. கனமா இருந்தா இருந்துட்டுப் போகுது."

"தலைகீழாக் கவுத்து மாட்டினா வலது பக்கம் உட்காரும்ண்ணே."

"உட்காரும். உட்கார்ந்தா மட்டும் போதுமா?"

மாமா இரண்டையும் மேஜையில் இறுக்கி, ஸ்டியரிங் சக்கரத்தை மாட்டி, "பாப்பா, நீ சொல்லு" என்றார். ஜீப் பாக்ஸில் நான் இரண்டு கையாலும் தொங்கினேன். அது அசையவே இல்லை. நாகூர் பாக்ஸை ஒற்றை விரலால் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. "இதுதான் மாமா!" என்று கத்தினேன். வீட்டில் அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இட்லியா தோசையா என்றுகூடக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டி தயாரான அன்று மில்லின் நெற்களத்தில் வெள்ளோட்டம். நானும் மாமாவும் மட்டும்தான். எஞ்சின் உறுமியது, பாருங்கள், களத்துப் புறா ஒன்று மிச்சமில்லாமல் பறந்துபோயிற்று. நேராகப் போனோம். களத்துக் கோடியில் மாமா ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினார். வண்டி இடது பக்கம் போயிற்று. போதவில்லை போல என்று மாமா இன்னும் வலது பக்கம் திருப்பினார். வண்டி இன்னும் இடது பக்கம் போய், காயவைத்துக் குவித்திருந்த நெல்லுக்குள் மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. என் தலையிலும் மாமா தலையிலும் நெல் கொட்டியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா சிரிக்கவில்லை.

இறங்கி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "பெட்டியைக் கவுத்து மாட்டினதுல திரும்புற பக்கமும் கவுந்துடுச்சு பாப்பா" என்றார். 

ஜீப் பாக்ஸ் அதற்குள் கடைக்குத் திரும்பிப்போய் விலையாகியிருந்தது. ஸ்டியரிங் தண்டை வெட்டி, இரும்பு வைத்து, எல்லாவற்றையும் நாகூர் பாக்ஸின் அளவுக்கே ஒட்டியாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள். வெல்டிங் கடைக்காரரிடம் திரும்பப் போனால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அது அன்று மாலையே தாத்தா காதுக்கு வந்துவிடும். மாமா தலையிலிருந்த நெல்லை உதறினார்.

"வண்டியை மாத்த முடியாது. என் கையை மாத்திக்க வேண்டியதுதான்" என்றார் கடைசியில். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அம்மா தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு மாப்பிள்ளை அழைப்பில் முன் சீட்டு, மாப்பிள்ளைக்கும் மாமாவுக்கும் நடுவில், எனக்கே எனக்கு. அந்த சீட்டுக்காக நான் எத்தனை சத்தியம் வேண்டுமானாலும் பண்ணியிருப்பேன்.

தினமும் விடிந்ததும் மாமா களத்தில் சுற்றினார். வலது பக்கம் போக இடது பக்கம், இடது பக்கம் போக வலது பக்கம். நாலாவது நாள் கை பழகிவிட்டது. நன்றாகவே பழகிவிட்டது என்று, அன்று மத்தியானம் பந்தலுக்கு மூங்கில் ஏற்றிவர டிராக்டரை எடுத்தபோதுதான் தெரிந்தது. முதல் திருப்பத்திலேயே டிராக்டரை வாய்க்காலில் இறக்கிவிட்டார். மேட்டூர் இன்னும் திறக்காததால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பிழைத்தார். "கல்யாண வேலை, பாவம், தூக்கமில்ல" என்றாள் அம்மா. "பேப்பரை விட்ட மாதிரி டிராக்டரையும் விட்டுட்டு வந்திருக்கான்" என்றார் தாத்தா.

ஏழாவது நாள் என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ரகசியத்தை அத்தனை நாள் வைத்துப் பழக்கமில்லை. சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்; முதல் கால் எடுத்தாள், இரண்டாம் கால் எடுத்தாள், மூன்றாம் கால் எடுப்பதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நெல் கொட்டியது, மாமா அழுகிற மாதிரி இருந்தது, பாக்ஸை எடுத்தது நான்தான் என்பது எல்லாம். சித்தி கத்துவாள், தாத்தாவிடம் ஓடுவாள் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி "அண்ணன் கஷ்டம் அண்ணனுக்கு" என்றாள். பிறகு, "இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாத, என் கண்ணுல்ல" என்று பாதிப் பின்னலோடு என்னை விட்டுவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனாள். சித்தி துணி எடுக்கப் போனால் எப்போதும் முக்கால் மணி நேரமாகும். கீழே மாமா தன் செல்போனைக் காணோம் என்று எல்லாச் சட்டைப் பையையும் உதறிக்கொண்டிருந்தார். சத்தியத்தை மீறிவிட்டேனே என்று நான் அன்று முழுக்க அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் எதுவும் வரவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயிலிலிருந்து. சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரம். ராடு வண்டிக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, மல்லிகைச் சரம் சுற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "எந்தக் கம்பெனி வண்டிங்க இது?" என்று ஒருவர் கேட்க, "நம்ம பையனே செஞ்சதுங்க" என்று தாத்தா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மாமாவும் கேட்டார். ஸ்டியரிங்கைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் ஒரு தரம் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கோட்டு சூட்டில், மாலையோடு வந்து ஏறினார். பின் சீட்டில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நெல் மூட்டை மாதிரி அடைந்துகொண்டார்கள். முன்னால் நடுவில் நான். நாகஸ்வரம் எடுக்கப் போகிற நேரம், மாப்பிள்ளையின் பெரியப்பா கையைத் தூக்கினார். பெரிய மீசை, பெரிய குரல்.

"ஒரு நிமிஷம் இருங்க! எங்க பையனுக்கு வண்டின்னா உசுரு. மாப்பிள்ளையே ஓட்டிக்கிட்டு வரட்டுமே, புதுசா இருக்கும்ல?"

எல்லோரும் கைதட்டினார்கள். தாத்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "அதுக்கென்ன, பேஷா ஓட்டட்டும். டேய், இறங்குடா" என்று தானே வந்து மாமா பக்கத்துக் கதவைத் திறந்தார். கோயிலை விட்டதும் வலது பக்கம் திருப்பம். இடது பக்கம் குளம். குளத்துப் படிக்கட்டு ஓரம் சீர்த்தட்டோடு பெண்கள் வரிசை, அதில் என் அம்மா முதல் ஆள். மாமா இறங்கவில்லை; ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தார். சத்தியத்தை மீறியதற்கு இப்போதுதான் பலன் வருகிறது, அம்மா போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மாப்பிள்ளை கோட்டுக் கைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டில் தடிமனாகக் கட்டுப் போட்டிருந்தது.

"கை சுளுக்கிக்கிச்சு பெரியப்பா. காலையில தண்ணி வாளியைத் தூக்கினேன். மச்சானே ஓட்டட்டும்."

"அடடா, கல்யாண மாப்பிள்ளை வாளியைத் தூக்கலாமா?" என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். நாகஸ்வரம் ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. திருப்பத்தில் மாமா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். வண்டி சமர்த்தாக வலது பக்கம் திரும்பியது. மேளச் சத்தத்தில் யார் அதைப் பார்த்தார்கள்? மாப்பிள்ளை மட்டும் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "பாக்ஸ் உன் செலக்ஷனாமே?" என்றார்.

"ஆமா. ஒத்த விரல்ல சுத்தலாம்" என்றேன். என் புகழ் பட்டுக்கோட்டை வரைக்கும் போய்விட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை கையில் கட்டு இல்லை. கொஞ்சமும் நடுங்காமல் தாலி கட்டினார். பந்தியில் பக்கத்தில் போய் நின்று, "சுளுக்கு எங்க போச்சு?" என்று கேட்டேன். "உங்க சித்திக்குத் தாலி கட்டினதும் சரியாயிடுச்சு" என்றார். சித்தி குனிந்து இலையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. நான் நம்பினேன். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் கால் பிசகியபோது, அம்மாவிடம் தாலியைக் கழற்றிக் காலில் கட்டச் சொல்லி அடி வாங்கியதுதான் மிச்சம்.

கல்யாணம் முடிந்த வாரமே மாமா அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு ஜீப் பாக்ஸ் போட்டார். வண்டி இப்போதும் ஓடுகிறது. தாத்தா இருந்தவரை பின் சீட்டில் உட்கார்ந்துதான் ரேஷன் கடைக்கே போனார்; நான்கு பேப்பரைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. மாமா வருஷாவருஷம் அந்தத் தேதியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறார். "மாப்பிள்ளை கையைச் சுளுக்க வச்சு என் மானத்தைக் காப்பாத்தினவருடா" என்று பிள்ளைகளிடம் சொல்வார். அந்தத் தேங்காய் பட்டுக்கோட்டையிலிருந்து வருகிறது. சித்தப்பா தானே பார்த்து நல்ல காயாக அனுப்பிவைக்கிறார். எதற்கு என்று மாமாவிடம் இன்றுவரை அவரும் சொல்லவில்லை, சித்தியும் சொல்லவில்லை.

அன்று பாதிப் பின்னலோடு நான் சித்தியைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போகத்தான் செய்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று, மாமாவின் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் பாவங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொடியில் ஒரு துணிகூட இல்லை. நான் கீழே ஓடிவந்து, சித்தி மறந்துபோய்த் துணியே காயப்போடவில்லை என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.