குடிசைக்குப் பின்னால் ஒரு பள்ளம்

லேடி டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். "உடம்புல ரத்தமே இல்லையேம்மா. இந்தக் குழந்தையாவது தங்க வேண்டாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தங்க வேண்டாம் என்றா ஆறு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெயிலில் நடந்து வந்து அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்? ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. ஒன்று எட்டாம் மாதத்திலேயே உயிரில்லாமல் வந்தது. இன்னொன்று அழக்கூடத் தெம்பில்லாமல் பிறந்த அன்றைக்கே போயிற்று. எனக்கு அப்போது இருபது வயதுகூட முடியவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கழனியில் நாற்று நடும்போது நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். யாருக்கும் தெரியாமல் அடுப்பு மண்ணைக் கிள்ளித் தின்பேன், பானை ஓட்டைக் கடித்து மெல்லுவேன். அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துவிட்டு மசக்கை என்று சொல்லிவிட்டார். மசக்கை இல்லாத மாதங்களிலும் நான் மண் தின்றது அவருக்குத் தெரியாது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். குடலில் பூச்சி ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. நாலு பேர் வெளிக்குப் போகும் இடத்து மண்ணில் அது இருக்கும், வெறுங்காலோடு மிதித்தால் பாதத்தைத் துளைத்து உள்ளே ஏறும். பூச்சி மருந்து பிள்ளை பெற்ற பிறகுதான் தர முடியும். அதுவரை இரும்புச்சத்து மாத்திரை, கீரை. "முக்கியமா, வெளிக்குப் போறப்ப செருப்பு போட்டுக்கிட்டுப் போ. சின்ன விஷயம்தான். கவனமா இருந்தா போதும்."

என் வீட்டுக்காரர் அடுத்த சந்தையிலேயே டயர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கால்ல பூந்து வயித்துக்கு ஏறுற பூச்சியா? இன்னா கதை இது. நாங்கல்லாம் செருப்பு பூட்டுக்கினா புள்ள பெத்தோம்?" என்றார்.

டாக்டருக்குச் சின்ன விஷயம். எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் சேரிப் பெண்கள் வெளிக்குப் போகும் முள்ளுக்காடு ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் காலில் செருப்பு இருக்காது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். செருப்பு வைத்திருந்த ஆண்கள்கூடத் தெருமுனையில் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். நானும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போய், காட்டில் போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றிச் சுருட்டிக்கொண்டு திரும்புவேன். கூட வரும் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பிள்ளை வேண்டும்.

வயிறு இறங்க இறங்கக் குனிவது கஷ்டமாயிற்று. ஒருநாள் திரும்பும்போது தலை கிர்ரென்று சுற்றியது. குனிந்தால் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. கழற்றாமலே நடந்துவிட்டேன். டயர் செருப்புச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள், என் வீட்டுக்காரர் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் நிலத்துக்காரர் வீட்டுப் பெரியவர் இவரைக் கூப்பிட்டார். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் பேசினாராம். "உன் பொண்டாட்டி தெருவுல செருப்போட போச்சாமே. புள்ளத்தாச்சி, தெரியாம செஞ்சிருக்கும். சொல்லி வை. ஊர்ல நாலு பேரு நாலு விதமா இருக்கான்." இவர் வந்து அதை அப்படியே சொன்னார். அத்தை செருப்பை எடுத்துக்கொண்டு போய் எரிகிற அடுப்பில் வைத்தார். ரப்பர் கருகிய நாற்றம் குடிசையை விட்டுப் போக வெகுநேரமாயிற்று. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனால் அவர் வாசல் தட்டியைச் சாத்திவிட்டு, ஊர்ப்பக்கமிருந்து யாராவது வருகிறார்களா என்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்ததையும் பார்த்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வெறுங்காலோடு போனேன். டாக்டர் என் காலைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டீங்க. உன் உடம்புமேல உனக்கே அக்கறை இல்லைன்னா நான் என்ன பண்றது?" தெருவைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? தலையை ஆட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க அந்த 'அக்கறை' என்ற சொல் என்னைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "எனுக்கு அக்கறை இல்லியாம். என் வயித்துல கீற கொயந்தமேல எனுக்கு அக்கறை இல்லியாம்" என்று சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நீ ஏம்மே அங்க போவணும்?" என்றார். கிணறு தூர் வாரப் போகிறவர் அவர், மண் வெட்டுவது அவருக்குப் புதிதில்லை. விடிந்ததும் குடிசைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பள்ளம் வெட்டினார். மேலே பனங்கட்டைகளைக் குறுக்கே போட்டு, நாலு பக்கமும் ஓலைத் தட்டி கட்டினார். போனபின் மேலே தூவ, பக்கத்தில் ஒரு சட்டி நிறையச் சாம்பல் வைத்தார்.

சேரியே கூடிச் சிரித்தது. "மகாராணி இனிமே வெளியில வராதாம்" என்றார்கள். அத்தை சிரிக்கவில்லை. "சோறு துன்ற வூட்டுக்குப் பின்னாடி கக்கூசா? மண்ணத் தள்ளித் தூத்துடு நைனா, ஊரே காறித் துப்புது" என்று மகனிடம் மன்றாடினார். இவர் அசையவில்லை. அத்தை கூழ்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடித்தார். குழந்தை பிறக்கும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அந்தப் பள்ளத்தின்மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்குப் புரியவில்லை. வெறும் அருவருப்பு என்றுதான் நினைத்தேன்.

பெண் குழந்தை. மாதம் நிறைந்து, நல்ல பகல் வெளிச்சத்தில் பிறந்தது. பிறந்ததும் அழுதது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மயங்கிப்போனேன். உடம்பு தேறியதும் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். குமட்டிக்கொண்டு வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். கொஞ்ச நாளில் நகத்தில் சிவப்பு தெரிந்தது. மண் தின்னும் ஆசையும் போயிற்று.

ஒரு காலையில் அத்தை காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் வெந்நீர் ஊற்றினேன். குழந்தை துள்ளித் துள்ளி உதைத்தது.

"ஏம்மே, அந்த டாக்டரம்மா சொன்னது நெசந்தானா? மண்ணுல இருந்துதான் ஏறுதா?"

"ஆமா அத்தே."

"நீ அங்க போவாததாலதான் இது தங்கிச்சா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

அவர் கை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு முன்னும் பின்னுமாக அவருக்கு ஐந்து பிறந்து, ஒன்றும் நிலைக்கவில்லை என்று எனக்கு அரசல்புரசலாகத் தெரியும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"அப்போ எனுதுங்கோ அஞ்சும்?" என்றார். "சாமி இட்டுக்கினு பூட்ச்சின்னுதானே இத்தினி வருசம் இருந்தேன். அதுங்களுக்கும் ஒரு பள்ளம் வெட்டி இருந்தா போதுமா?"

செம்பில் இருந்த வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

"சாமிதான் அத்தே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் இரண்டு உள்ளங்கால்களையும் தன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.